இருதயராஜ் கையில் இருந்தது என்ன

இருதயராஜ் ஊமை இல்லை. அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதப்போகிறேன். போன மாதம் ஆம்பூர் ரயிலடியில் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டு, கூடாரத்தில் வேஷம் கட்டிக் கேஸில் மாட்டிக்கொண்டானே ஓர் ஊமையன், அவன் என்ன ஆனான் என்று விசாரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அவருக்குப் பதில் சொல்லிச் சொல்லியே ரயிலை விட்டுவிட்டேன். அவனைப்போல் வாய் ஓயாத ஆளைப் பாலாற்றுக்கு இந்தக் கரையிலும் நான் பார்த்ததில்லை, அந்தக் கரையிலும் பார்த்ததில்லை. தெருவில் அவன் வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். பத்து வருஷத்துக்குள் அவனை ஊமையாக்கிவிட்டார்கள். அந்தக் கேஸில் ஊமையாக இருந்தவன் வேறொருவன். அவனைப் பற்றியும் எழுதவேண்டியிருக்கிறது.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் இருந்த, தோல் பதனிடும் ஒரு டேனரியில் இருதயராஜுக்கு வேலை. டேனரியின் பெயரைச் சொல்லமாட்டேன். முதலாளி பட்டணத்தில் இருந்தார். அவருக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. இங்கே மானேஜர் வைத்ததுதான் சட்டம். மானேஜர் பெயரையும் எழுதமாட்டேன், அதற்குக் காரணம் வேறு. செத்துப்போன ஒரு நல்ல மனிதனின் பெயரைக் கெடுத்தவர் அவர். அவருடைய பெயர் என் காகிதத்தில் ஏறவேண்டாம்.

தோலைச் சாய்வான மரத்தின் மேல் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைகத்தியால் சதை வழிப்பது இருதயராஜின் வேலை. வழிக்கிற இடத்தில் யாரும் பேசக்கூடாது என்பது மானேஜரின் கட்டளை. பேசினால் கை நின்றுவிடுகிறதாம். இருபது பேர் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும். சுண்ணாம்பில் ஊறிய விரல்கள் வெடித்து எரிந்தாலும் அம்மா என்று சொல்லக்கூடாது. ஆகவே அவர்கள் கையால் பேசக் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு சைகை, கத்தி மழுங்கிவிட்டதென்றால் ஒரு சைகை, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதற்கும் ஒரு சைகை. மூக்கைத் தொட்டால் மானேஜர் வருகிறார் என்று அர்த்தம். அவர் சென்ட் போட்ட கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் டேனரிக்குள் நடப்பார்.

இருதயராஜுக்கு இது போதவில்லை. பேசியே பழகிய ஆளின் வாயைக் கட்டினால் அவன் பேச்சு முழுவதும் உடம்புக்குள் இறங்கிவிடுகிறது. மானேஜர் நடப்பதும், மேஸ்திரி மூக்குப்பொடி போடுவதும், தோல் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதும் அவன் உடம்பில் வந்து உட்கார்ந்துகொண்டன. மானேஜர் முதுகைத் திருப்பிய அரை நிமிஷத்தில் அவன் மானேஜராகி இரண்டடி நடந்துவிட்டு மறுபடியும் தோலுக்குத் திரும்பிவிடுவான். இருபது பேரும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு நிற்பார்கள்.

அப்போது பேசாத படங்களின் காலம். சர்தார் பாஷா என்பவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே கூடாரம் போட்டுப் படம் காட்டுவார். ஒரு சுருள் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை ஜனங்கள் கூச்சல் போடாமல் இருக்க யாராவது எதையாவது செய்துகாட்டவேண்டும். இருதயராஜ் படத்தை ஓசியில் பார்ப்பதற்காக அந்த இடைவெளியில் திரைக்கு முன்னால் ஏறினான். படத்துக்கு விளக்கம் கத்துகிறவர் ஒருவர் தகர ஊதலோடு பக்கத்தில் நிற்பார். அவர் ஒரு வார்த்தை பேசினாலும் இறங்கிப் போய்விடுவேன் என்று இருதயராஜ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். பொருள் எதுவும் கையில் இல்லாமல், வேஷம் எதுவும் போடாமல், சட்டி தூக்குவான், சண்டை போடுவான், ரயில் ஏறுவான். படத்தைவிட அதைப் பார்க்க வந்தவர்கள் ஜாஸ்தி என்று சர்தார் பாஷாவே சொல்வார்.

அவனுக்கு அதே டேனரியில் ஒரு தோஸ்த், ஞானசீலன். இருதயராஜ் கத்தோலிக்கன், ஞானசீலன் மிஷன் சபையைச் சேர்ந்தவன். பூசை வேறு, ஜெபம் வேறு, தட்டு ஒன்று. ஞானசீலன் சபையில் பாடுகிறவர்களில் அடிக்குரல் அவனுடையது. குடிக்கமாட்டேன் என்று சபையாருக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவன், போட்ட நாளிலிருந்து தொடாதவன். சாராயக்கடை இருக்கிற தெரு வழியாகப் போகவேண்டியிருக்கிறதென்று சுற்றிக்கொண்டு போவான் என்று அவன் மனைவி ஜெயபுஷ்பம் சிரித்துக்கொண்டே சொல்வாளாம்.

1927 ஐப்பசியில் மழை விட்டதும், மாதக்கணக்கில் பலகை போட்டு மூடிக்கிடந்த ஒரு சுண்ணாம்புக் குழியைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. மூடிக்கிடந்த குழியில் கெட்ட காற்று தங்கும். அது எல்லா டேனரியிலும் எல்லாருக்கும் தெரியும். அதனால் ஆள் இறங்கும் முன்பு கயிற்றில் விளக்கை ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் யாரும் இறங்கமாட்டார்கள்; வேப்பங்கொத்தைக் கட்டி உள்ளே அடித்து அடித்துக் காற்றை மாற்றி, மறுபடியும் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். பாதி நாள் போய்விடும். அன்றைக்கு ஞானசீலன் விளக்கைக் கேட்டான். பக்கத்தில் நின்ற மானேஜர் வேண்டாம், இறங்கு என்றார். கப்பலுக்குச் சரக்கு போகவேண்டுமாம், உச்சிக்குள் குழி தயாராக வேண்டுமாம். ஞானசீலன் இறங்கினான். சத்தம் கூடப் போடவில்லை, அப்படியே மடங்கிவிட்டான். அவனைப் பிடிக்கப் பாதிவரை இறங்கிய இருதயராஜையும் மயக்கத்தோடுதான் இழுத்துப் போட்டார்கள்.

இருதயராஜ் ஆஸ்பத்திரியில் கண் திறக்க நாலு நாள் ஆயிற்று. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஞானசீலன் குடித்துவிட்டு வந்து தடுமாறி விழுந்தான், பக்கத்தில் யாரும் இல்லை, தான் ஆபீஸ் அறையில் இருந்தேன் என்று மானேஜர் எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கே நின்ற மற்ற இரண்டு பேரும் வேலைக்குப் பயந்து தலையாட்டினார்கள். விசாரணைக் காகிதத்தில் குடிபோதை என்று ஏறிவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் குடித்துச் செத்தவனைச் சபையின் கல்லறைக்குள் புதைக்க மூப்பர்கள் சம்மதிக்கவில்லை. கிளுவைக் கொம்புகளைப் போத்தாக நட்டு வளர்த்த வேலிக்கு வெளியே, ஆடு மேய்கிற இடத்தில், நாலு முழம் தள்ளிப் புதைத்தார்கள். சபைப் புத்தகத்திலிருந்து பெயரையும் அடித்தார்கள்.

ஜெயபுஷ்பம் யாரிடமும் சோறு கேட்கவில்லை, துணி கேட்கவில்லை. தன் புருஷன் குடிகாரன் இல்லை என்று சபை ஒப்புக்கொள்ளவேண்டும், அவனை வேலிக்கு உள்ளே எடுத்துக்கொள்ளவேண்டும், இவ்வளவுதான் அவள் கேட்டது. இருதயராஜ் அவளோடு பாதிரியாரிடம் போய் நடந்ததைச் சொன்னான். ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னான். டீக்கடையில் சொன்னான், சந்தையில் சொன்னான். வாயால் சொல்வதற்கு அவனுக்குச் சொல்லியா தரவேண்டும்? ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை. மாஜிஸ்டிரேட் கச்சேரிக் காகிதத்தில் ஒன்று இருக்கிறது, நீ வேறொன்று சொல்கிறாய், கச்சேரிக் காகிதத்தில் வேறு மாதிரி வந்தால் கொண்டுவா, அன்றைக்கே பெயரைச் சேர்க்கிறேன் என்றார் பாதிரியார். அவர் கெட்டவர் இல்லை. முத்திரை இல்லாத உண்மை அவருக்குக் கண் தெரியாது, அவ்வளவுதான். என்னைப் போன்றவர்தான்.

அடுத்த ஞாயிறு இருதயராஜ் கூடாரத்தில் ஏறி அந்தக் குழியை ஆடிக்காட்டினான். ஒருவனே ஞானசீலன், ஒருவனே மானேஜர். ஞானசீலன் குனிந்து கையில் எதையோ வைத்துக் கயிற்றில் இறக்கப் போவான். திரும்பினால் மூக்கில் கைக்குட்டையோடு மானேஜர், அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டு விரலால் கீழே காட்டுவார். பிறகு ஞானசீலன் இறங்குவான். கூடாரத்தில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை என்றார்கள். மூன்று ஞாயிறு தொடர்ந்து ஆடினான். மூன்றாவது ஞாயிறு மானேஜரே வந்து பார்த்தார்; மறுநாள் அவருடைய மனு மேலே போனது, மேலேயிருந்து தடை உத்தரவு கீழே வந்தது. அதைத் தமிழில் எழுதவேண்டியவன் நான். நான் அப்போது மாஜிஸ்டிரேட் கச்சேரியில் மொழிபெயர்ப்பு குமாஸ்தா.

1876ஆம் வருஷத்துச் சட்டம் அது. நாடகமோ, பான்டமைமோ, வேறு எந்தக் கூத்தோ ஒருவரை அவதூறு செய்தால் சர்க்கார் தடுக்கலாம் என்று சொல்கிறது. பான்டமைம் என்ற சொல் எனக்குப் புதிது. மிஷன் பள்ளிக்கூடத்துப் புத்தக அறையில் பெரிய அகராதியும், தலையணை தலையணையாகச் சில புத்தகங்களும் இருந்தன. ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து படித்தேன். எல்லாவற்றையும் போலச் செய்கிறவன் என்று கிரேக்க பாஷையில் அர்த்தமாம். ரோமாபுரியில் ஒரே ஆள் முகமூடி போட்டுக்கொண்டு கதையில் வருகிற அத்தனை பேராகவும் மாறி மாறி ஆடுவானாம். பாட்டு மற்றவர்கள் பாடுவார்கள். அவனுடைய முகமூடிக்கு மட்டும் வாய் மூடியிருக்கும். ஜனங்கள் அவன் பின்னால் போனார்கள், ராஜாக்கள் அவனை ஊரைவிட்டு விரட்டினார்கள். லண்டனில் கிறிஸ்துமஸுக்கு அதே பெயரில் ஆட்டமும் பாட்டுமாக ஒன்று நடக்கிறதாம், அதில் பேச்சு நிறைய உண்டாம்.

பாரிஸ் பட்டணத்தைப் பற்றிப் படித்தபோதுதான் நான் புத்தகத்தை மூடி வைத்தேன். அங்கே ராஜாவின் நாடகக் கம்பெனிக்கு மட்டும்தான் மேடையில் பேச உரிமை. சந்தையில் ஆடுகிற ஏழைக் கூத்தாடிகள் பேசினால் தண்டனை. அதனால் அவர்கள் பேசாமலே எல்லாவற்றையும் சொல்லப் பழகிக்கொண்டார்களாம். இருநூறு வருஷத்துக்கு முந்திய பாரிஸ் சந்தையும் நம் பாலாற்றங்கரை டேனரியும் ஒன்றாக இருக்கின்றன என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. தோன்றியது என்பதோடு சரி. ஊமைக்கூத்து என்று அழகாக ஒரு சொல்லைப் போட்டு உத்தரவை முடித்து, நல்ல சொல் கிடைத்தது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். என்ன பிறவி நான்.

உத்தரவைக் கொடுக்கப் போன சேவகன், ஆளுக்குப் படிக்கத் தெரியாது என்று அவனையே அழைத்து வந்துவிட்டான். நான்தான் படித்துச் சொன்னேன். கைக்குட்டை வைத்த ஒருவரைக் காட்டி, ஒரு பொருளை இறக்கவிடாமல் தடுப்பதுபோல் நடிக்கும் ஊமைக்கூத்து என்று கூடாரத்தில் அதைப் பார்த்த கான்ஸ்டபிள் எழுதியிருந்ததை அப்படியே போட்டிருந்தேன். அது என்ன பொருளென்று கான்ஸ்டபிளுக்குத் தெரியவில்லை, எனக்கும் அக்கறையில்லை. இருதயராஜ் குந்தி உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டான். அவன் அவ்வளவு நேரம் பேசாமலிருந்தது அதிசயம்.

"மீறி ஆடினா இன்னா ஆவும் ஐயா?"

"கேஸாகும். மூணு மாசம் உள்ளே போவே."

"கேஸுன்னா மானேஜரு சாட்சிக்கு வருவாரா? பிரமாணம் பண்ணிட்டுப் பேசுவாரா?"

வராமல் எப்படி, மனு போட்டவரே அவர்தானே என்றேன்.

"அவரு பேசறத கச்சேரிக் காயிதத்துல எழுதுவீங்களா?"

எழுதுவோம் என்றேன். "அப்ப சரி ஐயா" என்று எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போனான். அந்த ஞாயிறே ஆடினான். இவனுக்குத் திமிர் ஜாஸ்தி என்றுதான் நான் நினைத்தேன். பாதிரியார் கேட்ட காகிதத்தை வாங்குவதற்கு அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது என்று எனக்கு உறைக்கவில்லை. மூன்று மாத ஜெயிலைக் கொடுத்து ஒரு காகிதம் வாங்க வந்தான் அவன்.

கேஸ் நடந்த அன்றைக்குக் கச்சேரியில் கூட்டம். டேனரிக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வராந்தாவில் நின்றார்கள். மாஜிஸ்டிரேட் துரைக்குத் தமிழ் அரைகுறை. சாட்சி சொல்வதை நான் இங்கிலீஷில் சொல்ல, அவர் எழுதிக்கொள்வார். வக்கீல் இல்லாத இருதயராஜ் தானே கேள்வி கேட்டான். கேட்டது ஒரே கேள்வி. என் கையில் என்ன இருந்தது?

ஒன்றுமில்லை என்றார் கான்ஸ்டபிள். ஒன்றுமில்லாமல் எதற்குக் கயிறு என்று கேட்டதற்கு, கயிறும் இல்லை, ஆனால் கிணற்றில் வாளி இறக்குவது போலிருந்தது என்றார். சர்தார் பாஷா தூண்டில் என்று நினைத்தாராம். துரை லேசாகச் சிரித்தார். அடுத்து மானேஜர் கூண்டில் ஏறினார், கையில் கைக்குட்டை. பொய்யாகத் தன்னைக் கேவலப்படுத்திவிட்டான் என்று கொதித்துப்போயிருந்தார்.

"நீங்க பாத்தீங்களே, என் கையில இன்னா இருந்திச்சி?" என்று இருதயராஜ் கேட்டான்.

"வெளக்குதான், வேறென்ன" என்றார் மானேஜர். அதோடு நிறுத்தியிருந்தால் அவர் பிழைத்துப் போயிருப்பார். ஆனால் நாலு ஞாயிறாக ஊரே பார்த்த ஆத்திரம் அவரை நிறுத்தவிடவில்லை. "அன்னிக்கு வெளக்குல எண்ணெ இல்ல. அதான் வேணாம், எறங்குன்னேன். இவன் என்னமோ நான் வேணும்னே தடுத்தாப்ல காட்றான். நான் வேணும்னே செய்யல."

வராந்தாவில் காற்றடித்தது போல் ஒரு சலசலப்பு. பக்கத்தில் யாரும் இல்லை, ஆபீஸில் இருந்தேன் என்று எழுதிக் கொடுத்தவர், குழியின் விளிம்பில் நின்று விளக்கை மறுத்தேன் என்று பிரமாணத்தின் மேல் சொல்லிவிட்டார். இருதயராஜ் கையைக் கூப்பி, கேள்வி அவ்வளவுதான் தொரை என்றான். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. துரை என்னைப் பார்த்தார். இப்போது நான் பேசவேண்டும்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கேஸில் ஒரு விஷயத்துக்கு ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் கடைசிவரை அதே சொல்லைத்தான் போடவேண்டும். மாற்றினால் மேல்கோர்ட்டில் குழப்பம் வரும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உத்தரவில் ஒரு பொருள் என்று போட்டிருந்தேன். ஆகவே, மேற்படி பொருளை உபயோகிக்கவிடாமல் வேண்டுமென்றே தடுத்ததாக எதிரி தன்னைப் பொய்யாகச் சித்திரித்தான் என்று சாட்சி சொல்கிறார் என்றேன். எண்ணெய் போயிற்று. வேணாம், எறங்குன்னேன் போயிற்று. விளக்கே போயிற்று. பழக்கம் பாதி. மீதி பயம், இன்ஸ்பெக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், மானேஜரின் வீட்டுக் கல்யாணத்தில் நான் சாப்பிட்டிருந்தேன். துரை எழுதிக்கொண்டார்.

எழுதியதைச் சாட்சிக்குப் படித்துக்காட்டவேண்டும் என்பது விதி. அதையும் நானே தமிழில் படித்தேன். அதற்குள் தான் உளறியதை உணர்ந்து வெளுத்துப்போயிருந்த மானேஜர், மேற்படி பொருள் என்று காதில் விழுந்ததும் பெருமூச்சு விட்டு, சரிதான், சரிதான் என்று கையெழுத்துப் போட்டார். இருதயராஜ்தான் பதறினான்.

"வெளக்குன்னு சொன்னாரு ஐயா, எண்ணெ இல்லன்னு சொன்னாரு, நீங்க கேட்டீங்களே."

எதிரி என்ன சொல்கிறான் என்று துரை என்னைக் கேட்டார். சாட்சியைப் பற்றிக் குறை சொல்கிறான் என்றேன். வாயை மூடச் சொல் என்றார் துரை. அதை மட்டும் ஒரு வார்த்தை குறையாமல் மொழிபெயர்த்தேன். வாயைத் திறக்காமல் ஆடியதற்குக் கேஸ் போட்டவர்கள், அவன் வாயைத் திறந்தபோது மூடச் சொன்னார்கள். மூன்று மாதம் தீர்ப்பானது. வேலூர் ஜெயிலுக்கு அழைத்துப் போனார்கள்.

பத்து நாள் கழித்து ஜெயபுஷ்பம் வந்தாள். மானேஜர் வாக்குமூலத்தின் நகல் வேண்டுமென்று முறைப்படி மனு எழுதிக் கொண்டுவந்திருந்தாள். நகல் எடுப்பதும் என் வேலைதான். எடுத்து, முத்திரை போட்டு, அவள் கையில் கொடுத்தேன். படித்துச் சொல்லுங்க ஐயா, பாதிரியார்கிட்ட குடுக்கறதுக்கு முந்தி நான் ஒருதரம் கேட்டுக்கறேன் என்றாள். படித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். அவள் காகிதத்தை வாங்கித் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"இதுல வெளக்கு எங்கய்யா இருக்கு?"

அவள் அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு போகவேண்டிய காகிதத்தை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள். அது இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது.

இருதயராஜ் வெளியே வந்தபோது பங்குனி. டேனரியில் சேர்க்கவில்லை. கூடாரத்தில் மறுபடியும் ஏறப்போகிறான் என்று கேள்விப்பட்டேன். தடை பழைய ஆட்டத்துக்குத்தான், இது புதிதாம். எனக்கு என்ன வேலை அங்கே? ஆனாலும் போனேன். பின்வரிசையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு பக்கம் திரும்பினால் கைக்குட்டைக்காரர், கூண்டில் நின்று வாயைத் திறக்கிறார். மறுபக்கம் திரும்பினால் துரை, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். நடுவில் மூன்றாவது ஆள் ஒருவன், தோளைக் குறுக்கிக்கொண்டு, காதை மட்டும் நீட்டிக்கொண்டு. கைக்குட்டைக்காரர் வாயிலிருந்து வந்ததை அவன் இரண்டு கையாலும் ஏந்திக்கொள்கிறான். அணைந்துவிடாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்துத் துரையை நோக்கி நடக்கிறான். பாதி வழியில் நிற்கிறான். இந்தப் பக்கம் பார்க்கிறான், அந்தப் பக்கம் பார்க்கிறான். குனிந்து உப்பென்று ஊதிவிடுகிறான். வெறுங்கையைத் துரையின் மேஜையில் பயபக்தியோடு வைத்துவிட்டு, கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புகிறான்.

சில பேர் சிரித்தார்கள். யாரிவன், திருடனா, பூசாரியா என்று என் முன்னாலிருந்தவர் பக்கத்து ஆளைக் கேட்டார். அது யாரென்று எனக்குத் தெரிந்தது. எழுந்து நின்றுவிட்டேன். அன்றைக்கு எங்கள் வழக்கம் அப்படி, நான் வேணும்னே செய்யலை என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன். திறந்த பிறகுதான் அந்த வார்த்தை யாருடையது என்று தெரிந்தது. கூண்டில் நின்று மானேஜர் சொன்ன அதே வார்த்தை என் நாக்கில் இருந்தது.

கூடாரமே என்னைத் திரும்பிப் பார்த்தது. திறந்த வாயை மூட முடியவில்லை. மானேஜர் சொன்னதை அப்படியே சொன்னேன்: "விளக்கில் எண்ணெய் இல்லை, அதனால் வேண்டாம், இறங்கு என்றேன்." சத்தியத்தின் மேல் அவர் சொன்னது இது, நான்தான் துரைக்குச் சொல்லவில்லை என்றேன். இருதயராஜ் திரைக்கு முன்னால் அசையாமல் நின்றான்.

மறுநாள் அதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஜெயபுஷ்பத்தோடு பாதிரியாரிடம் போய்க் கொடுத்தேன். என் வேலை போவது போகட்டும் என்றுதான் கொடுத்தேன். பிற்பாடு என்னைச் சோளிங்கருக்கு மாற்றினார்கள், அது தனிக்கதை. பாதிரியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். கண் கலங்கிற்று என்றுகூடச் சொல்வேன். பிறகு காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் கச்சேரி முத்திரை இல்லையே என்றார். மூப்பர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்களே என்றார். முத்திரையை நம்பு, முத்திரையை நம்பு என்று இருபது வருஷமாக இந்த ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன்தானே. ஜெயபுஷ்பம் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனாள்.

அடுத்த ஞாயிறு காலை, ஆராதனை முடிந்து சபையார் வெளியே வரும் நேரம். கல்லறை வேலியோரம் டேனரிக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள், ஒரு நாற்பது பேர் இருக்கும். பூசையிலிருந்து நேராக வந்தவர்கள், மாரியம்மன் கோயில் தெருக்காரர்கள், லுங்கியோடு சர்தார் பாஷாவின் ஆட்கள். கையில் கடப்பாரை, மண்வெட்டி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. வழிக்கிற இடத்துச் சைகையிலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, கிளுவை வேலியை ஒரு மூலையிலிருந்து பிடுங்க ஆரம்பித்தார்கள். பிடுங்கிய போத்துகளை நாலு முழத்தையும் தாண்டி, ஞானசீலனின் மண்மேட்டுக்கு அந்தப் பக்கமாக ஒவ்வொன்றாக நட்டார்கள். நட்டு மிதித்தார்கள். தண்ணீர் ஊற்றினார்கள். ஜெயபுஷ்பமும் இருதயராஜும் ஒரு போத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். அந்த வாயாடி அன்றைக்கு ஒரு முணுமுணுப்புக்கூடச் செய்யவில்லை.

மூப்பர்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள். பாதிரியார் அங்கியோடு ஓடிவந்தார். யார் சொல்லி இதைச் செய்கிறீர்கள், என்ன வேண்டும் உங்களுக்கு என்று ஒவ்வொருவர் முகமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். யாரும் நிமிரவில்லை, யாரும் நிறுத்தவுமில்லை. கடைசியில் வேலியோரம் நின்ற என்னிடம் வந்து, நீங்களாவது சொல்லுங்கள், இவர்கள் என்னதான் சொல்கிறார்கள் என்று கேட்டார்.

நான் சொன்னேன்.

"ஞானசீலன் குடிக்கல. வெளக்கு கேட்டான், குடுக்கல. அதைத்தான் சொல்றாங்க."